மேலே பார்க்காத நாள்

எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு நாள் யாரும் வானத்தைப் பார்க்கக் கூடாது. சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அந்த நாளைக் கடைப்பிடித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் என் அண்ணி, கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே, வீட்டைவிட்டுப் போகும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் நான். அவர் திரும்பி வர நான் ஒரு நொடி கழுத்தை நிமிர்த்தினால் போதும் என்ற நிலை வந்தபோது, நிமிர்த்தாமல் இருந்தவனும் நான்தான். எண்பதைத் தாண்டிவிட்டேன். இனிமேல் இதை மூடிவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் யாங்கோனுக்கு அப்போது ரங்கூன் என்று பெயர். சண்டைக் காலத்தில், கிறிஸ்துமசுக்குச் சற்று முன்னால் ஒரு காலை வேளையில், ஜப்பான்காரனின் விமானங்கள் முதல்முறையாக வந்தன. துறைமுகத்திலும் அதை ஒட்டிய எங்கள் தெருக்களிலும் ஜனங்கள் சாமி ஊர்வலம் பார்க்கிற மாதிரி வெளியே வந்து, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்களாம். வெயிலில் மீன்குஞ்சு மாதிரி மின்னின என்று சொல்வார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் மேல்தான் குண்டு விழுந்தது. பிழைத்தவர்களில் பலர் குனிந்திருந்தவர்கள். சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த முனிசிபல் தொழிலாளி பிழைத்தார். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை பிழைத்தார். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என் அம்மா பிழைத்தாள். வாசலில் நின்று பார்த்த அவளுடைய தம்பி பிழைக்கவில்லை.

நான் இதற்கெல்லாம் பிறகு பிறந்தவன். எனக்கு நினைவு தெரிந்த காலத்திலிருந்து அந்த நாள் எங்கள் தெருவுக்கு விடுமுறை. அரசாங்கக் காலண்டரில் கிடையாது, கோவில் பஞ்சாங்கத்திலும் கிடையாது, பள்ளிவாசல் கணக்கிலும் கிடையாது. 'குனியிற நாள்' என்பார்கள். கடைகள் அடைப்பு.

தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த காக்காதான் அந்த நாளுக்குத் தலைவர். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். இன்சீன் ரயில் ஒர்க்ஷாப்பிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த தண்டவாளத் துண்டு ஒன்று அவர் கடை வாசலில் தொங்கும். காலையில் அதை அவர் ஒரு முறை தட்டுவார். சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் மறுபடி தட்டுவார். இரண்டு தட்டுக்கும் நடுவில் வானத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் மனிதனுக்குச் சட்டம் ஒன்றைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? வியாக்கியானம் வளர்ந்தது. வீட்டுக்குள் பல்லியைப் பார்க்க நிமிர்ந்தால் குற்றமா? காக்கா தீர்ப்புச் சொன்னார்: "கூரை இருந்தா வானம் இல்லே. வானம் தெரிஞ்சாத்தான் பழி." அப்படியானால் குடை பிடித்துக்கொண்டு பார்க்கலாமா? பார்க்கலாம், குடையும் ஒரு கூரைதான். ஒரு வருஷம் ஒருவர் கிழிந்த குடைக்குள்ளிருந்து மேலே பார்த்துவிட்டார். கிழிசல் வழியாக வானம் தெரிந்ததா இல்லையா என்ற வழக்கு, சாயங்காலம் எல்லோருக்கும் ஊற்றும் கஞ்சி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் நடந்தது.

முடி வெட்டுகிறவர் கடையை மூடிவிடுவார். மோவாயைத் தூக்காமல் சவரம் செய்ய முடியாது. பல் கட்டும் சீனர் காரணம் கேட்காமலே தானும் மூடிக்கொண்டார். மேல்மாடிகளிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறுகளை, பேப்பரும் காய்கறியும் மாட்டி மேலே இழுக்கிற அந்தக் கயிறுகளை, அன்றைக்குச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். கீழே நின்று மாட்டுகிறவன் மேலே பார்த்துக் கத்தியாக வேண்டுமே. அதனால் சாமான் எல்லாம் செங்குத்துப் படிகளில் எங்கள் முதுகில் ஏறும். எதிர் வீட்டுப் பர்மியக் குடும்பம் அன்றைக்குப் பொங்கிகளுக்கு, புத்தத் துறவிகளுக்கு, சோறு படைக்கும். பொங்கிகளுக்கு விதிவிலக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. துறவிகள் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள், அவர்களுக்கு வருஷம் முழுக்கக் குனியிற நாள்தான் என்பார் காக்கா.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் தண்ணீர். எங்கள் வீடுகளில் செம்பை உதட்டில் வைத்துக் குடிக்க மாட்டார்கள். எச்சில். அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றிக்கொள்ள வேண்டும். தெருவில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்தால் வானம். அண்ணாக்காவிட்டால் எச்சில். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் எழுந்து வீட்டுக்குள் போய், கூரைக்கு அடியில் நின்று குடித்துவிட்டு வருவார்கள். சோம்பேறிகள் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆமாம், எல்லோரும் தெருவில்தான் இருப்போம். நடைபாதை ஓரமாகச் சாக்கு விரித்து, குனிந்து செய்கிற வேலைகளையெல்லாம் அன்றைக்கென்று சேர்த்து வைத்துச் செய்வார்கள். அரிசியில் கல் பொறுக்குவார்கள். பூண்டு உரிப்பார்கள். கிழிந்த லோஞ்சிக் கைலிகளைத் தைப்பார்கள். ஒரு ஸ்கூல் வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவார். குனிந்தே திருத்தினாலும் மார்க் உயரவில்லை. பையன்கள் எங்களுக்கு ஒரே வேலை, பெரியவர்களை எப்படியாவது மேலே பார்க்க வைப்பது. "அய்யோ, காக்கா எச்சம்!" என்று கத்துவோம். டீக்கடைக் காக்கா, "எவன்டா அவன் என்னைச் சொல்றது?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்பார்.

மவுன அஞ்சலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் தட்டு விழுந்ததும் காக்கா கடை வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி வரும். எங்களைப் போன்ற இந்துக்களுக்காக அன்று மட்டும் கறி போடாத கஞ்சி. அதைக் குடிப்பதற்கு முன்னால் செத்தவர்களைத் திட்ட வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் எழுந்து, தங்கள் வீட்டில் அன்றைக்கு வேடிக்கை பார்த்துச் செத்தவரைப் பேர் சொல்லித் திட்டுவார்கள். "கூப்பிட்டேனே, காதுல விழுந்துச்சா உனக்கு?" "பிளேன் பார்க்காதவன் மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னியே!" என் அம்மா கொஞ்சமாகப் பேசுகிறவள். அவளும் எழுந்து நின்று தம்பியைத் திட்டுவாள். "மூதேவி, சோறு ஆறிப்போச்சுடா. இன்னும் என்ன வேடிக்கை உனக்கு?" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பாள்.

கஞ்சிக்குப் பிறகு பழி. அன்றைக்கு யார் வானத்தைப் பார்த்தார்களோ அவர் தலையில் அடுத்த ஒரு வருஷத்துக்குத் தெருவில் நடக்கும் எல்லாக் கெட்டதும் விழும். குழாயில் தண்ணீர் வரவில்லையா, அவரால்தான். மழையில் சாக்கடை பொங்கியதா, அவரால்தான். அடுத்த வருஷம் வேறு யாராவது மேலே பார்த்தால் பழி அவருக்கு மாறும். மாறாவிட்டால் பழைய ஆளே சுமக்க வேண்டும். பழியைச் சூட்டுவதற்கு முன்னால் காக்கா மூன்று தடவை கேட்பார்: "யாராச்சும் பார்க்க வச்சீங்களாப்பா? சொல்லிருங்க." ஒருவன் குறும்பு செய்து இன்னொருவரைப் பார்க்க வைத்திருந்தால், பழி குறும்பு செய்தவனுக்குத்தான். ஆனால் அவனே வாய் திறந்து சொல்ல வேண்டும். பக்கத்திலிருப்பவன் காட்டிக்கொடுத்தால் செல்லாது. சண்டைக் காலத்தில் காட்டிக்கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம், இனிமேல் வேண்டாம் என்று காக்கா அப்படி வைத்திருந்தார்.

ஒரு வருஷம் பழி, கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவருக்கு வந்தது. வழுக்கைத் தலையில் எதுவோ விழுந்து நிமிர்ந்துவிட்டார். வருஷம் முழுக்க எங்கே எது நடந்தாலும் கை குவித்து, "அடியேன்தான்" என்பார். யாருக்கோ இரட்டைக் குழந்தை பிறந்தபோது, "இதுவும் உங்களாலயா?" என்று யாரோ கேட்டு, பெரிய ரகளையாகிவிட்டது. பழி என்றால் எங்களுக்கு அவ்வளவுதான், ஒரு கேலிப் பட்டம்.

என் அண்ணி வந்தது வரைக்கும்.

அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மளிகைக்கடை நடத்தினாள். அண்ணன் இன்சீன் ஒர்க்ஷாப்பில் பிட்டர். நான் காலேஜ். வீட்டில் முதல் காலேஜ்காரன் என்பதால் மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். நான் அப்போது பகுத்தறிவுக்காரன். மூடநம்பிக்கையை ஒழிப்பது பற்றி வாசகசாலையில் மணிக்கணக்காகப் பேசுவேன், பேசிவிட்டு வந்து அம்மா வைத்த விபூதியோடு பரீட்சை எழுதுவேன்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் தன்லியின். எங்களுக்கு அது சிரியம்தான். அப்போது பாலம் கிடையாது, படகில் ஆற்றைத் தாண்ட வேண்டும். என்னைவிட இரண்டொரு வயது பெரியவர். கார்த்திகையில் கல்யாணம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குனியிற நாள் வந்துவிட்டது.

அன்று காலையிலிருந்தே அண்ணி நடைபாதையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டிசம்பர் என்றாலும் உச்சி வெயில் வெயில்தான். அவர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொள்வதைப் பார்த்தேன். புது மருமகள். மாமியார் எழுந்திருக்காமல் அவர் எழுந்து வீட்டுக்குள் போக முடியாது. எனக்கு மூளை வேலை செய்தது. உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தேன்.

"இந்தாங்க அண்ணி. தாகமா இருப்பீங்க."

செம்பை வாங்கினார். அம்மாவைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ரொம்ப நல்ல பிள்ளையாக நின்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு செம்பைத் தூக்கி, கண்ணைத் திறந்தபடி அண்ணாந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் முழுச் செம்பையும் குடித்தார்.

தெரு முழுக்க "ஓ!" என்று ஒரு கூச்சல். காக்கா தொடையைத் தட்டிச் சிரித்தார். "வந்த மாசமே பட்டம் வாங்கிட்டாளே எங்க பொண்ணு!" கஞ்சி நேரத்தில் அவர் வழக்கம்போல மூன்று தடவை கேட்டார். "யாராச்சும் பார்க்க வச்சீங்களாப்பா? சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதுதான் தமாஷ் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கஞ்சியில் ஈ விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த சில மாதங்களில்தான் பர்மாவின் ராணுவ அரசாங்கம் கடைகளை அரசுடைமையாக்கி எடுத்துக்கொண்டது. ஒரு காலையில் ஆட்கள் வந்தார்கள், அம்மா கடையைப் பூட்டினார்கள், கதவில் ஒரு பலகை மாட்டினார்கள், அதில் ஒரு நம்பர். எங்கள் கடை மட்டுமல்ல, தெரு முழுக்க நம்பர். காக்கா கடையும் போயிற்று. வீட்டுக்கு வீடு கப்பல் பேச்சு. மதராஸுக்கு யார் போவது, எதை எடுத்துப் போகவிடுவார்கள் என்று பேச்சு.

தலையில் இடி விழுந்த ஜனங்கள் அரசாங்கத்தைத் திட்ட முடியாது. பயம். ஆனால் திட்டாமலும் இருக்க முடியாது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. "என்ன பொண்ணு, ஒரு செம்புத் தண்ணிக்கு எங்க கடையெல்லாம் குடிச்சுட்டியே." அண்ணி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கொஞ்ச நாளில் சொல்கிறவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். எங்கள் வீட்டில் அம்மா அவர் கையால் சோறு வாங்குவதை நிறுத்தினாள்.

ஒரு நாள் அம்மா அண்ணனிடம் சொன்னாள். "டேய், அவளைச் சிரியத்துல கொண்டுபோய் விட்டுட்டு வா."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு கேக்கறியா? பூட்டின கடையைப் போய்க் கேளு. அடுத்த டிசம்பர்ல பழி வேற ஆளுக்கு மாறட்டும். மாறினதும் கூட்டிட்டு வா. நான் வேணாங்கலே."

அண்ணன் அம்மா பேச்சைத் தட்டாதவன். கொண்டுபோய் விட்டான். படகுத்துறைவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அங்கே சொல்லியிருக்கலாம். அண்ணி படகில் உட்கார்ந்த பிறகு, "படிப்பை விட்டுராதே தம்பி" என்றார். நான், "சரி அண்ணி" என்றேன். பகுத்தறிவுவாதிக்கு அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு வந்தது.

ஆகவே அண்ணி வீடு திரும்புவது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்திருந்தது. அடுத்த குனியிற நாளில் யாராவது ஒருவர் வானத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண வருஷமாக இருந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த வருஷம் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். கடை போனது, வேலை போனது, இன்னும் என்ன போகுமோ என்று கழுத்தை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். யாரும் தவறிப் பார்க்கப்போவதில்லை என்பது அண்ணனுக்கே தெரிந்தது.

முதல்நாள் சாயங்காலம் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனான். "நாளைக்கு எனக்கு ஒர்க்ஷாப்புல லீவு இல்லே. நீதான் இதையெல்லாம் நம்பாதவனாச்சே. எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு தடவை மேலே பாரேன்."

"இதென்ன பெரிய விஷயம்? நூறு தடவை பார்க்கிறேன்" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்படியெல்லாம் பிடிக்கிற ஆள் இல்லை.

மறுநாள் காக்கா தண்டவாளத்தைத் தட்டினார். கடையே இல்லாத டீக்கடை வாசலில் நின்று தட்டினார். பாதித் தெருதான் இருந்தது. நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா. இதோ பார்க்கிறேன் என்று நினைத்தேன். பரீட்சை முடிவு வரவில்லையே என்ற நினைப்பு வந்தது. குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோமே என்ற நினைப்பு வந்தது. மூடநம்பிக்கை எப்படி உண்டாகிறது என்று நானே மற்றவர்களுக்குச் சொன்ன விளக்கம் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் கழுத்து காலேஜுக்குப் போகவில்லை. நாள் முழுக்க என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தட்டு விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. காக்கா கஞ்சிக்குப் பிறகு, "போன வருஷத்து ஆளே இருக்கட்டும், என்ன செய்ய" என்றார், எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணன் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்தான். நான் சொன்னேன்: "பார்த்தேண்ணே. ஆனா யாரும் கவனிக்கலே."

இதைவிட மோசமான பொய்யை நான் பிறகு என் வாழ்நாளில் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

அண்ணன் அந்த வாரமே தன் துணிமணியை எடுத்துக்கொண்டு சிரியத்துக்குப் போய்விட்டான். தினமும் படகு, பிறகு இன்சீனுக்கு ரயில், மறுபடி ரயில், படகு. அடுத்த வருஷம் வருவதற்குள் காக்கா கப்பலேறிவிட்டார். கல் பொறுக்கியவர்களும் பூண்டு உரித்தவர்களும் போனார்கள். தண்டவாளத் துண்டைத் தட்ட ஆளில்லை. குனியிற நாள் அத்தோடு நின்றுபோயிற்று. கடைசிப் பழி யார் தலையில் இருந்ததோ அங்கேயே தங்கிவிட்டது.

பல வருஷம் கழித்து அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தாள். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன். பாத்திரம் கழுவத் தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பணிவிடை. அண்ணனிடம் போய் நின்றேன். அவன் பேசுவதற்குள் அண்ணி பெட்டியைக் கட்டிவிட்டார். வந்து, அம்மா சாகும்வரை ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டினார், ஊட்டினார், காற்று வரட்டும் என்று கட்டிலை பால்கனிப் பக்கமாக நகர்த்திப் போட்டார். அம்மா அவர் கையால் சோறு வாங்கினாள். பழைய விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவேயில்லை. அம்மா போனாள், பிறகு அண்ணனும் போனான். இப்போது அதே மூன்றாம் மாடி வீட்டில் அண்ணியும் நானும். இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் ஒன்றுகூடக் கிடையாது.

போன டிசம்பரில் ஒரு காலை. கரண்டு இல்லை. பால்கனியில் உட்கார்ந்து அண்ணி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நேற்றைய தேநீரைச் சூடாக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு ஜெட் சத்தம் போயிற்று. ராணுவமே ஊர்கள்மேல் குண்டு போடும் இந்த வருஷங்களில் இந்த நாட்டில் அந்தச் சத்தத்துக்கு ஆசையாகத் தலை நிமிர்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் நான் தலையைத் தாழ்த்திய வேகத்தில் தேநீர் லோஞ்சியில் கொட்டிவிட்டது.

அண்ணி சிரித்துவிட்டார். "இன்னிக்கி அந்த நாளில்ல? இன்னுமா பயம்?"

அவருக்குத் தேதி ஞாபகம் இருந்தது என்னை என்னவோ செய்துவிட்டது. சொல்லிவிட்டேன். லோஞ்சியைத் துடைத்துக்கொண்டே, செம்புத் தண்ணீரை நான் வேண்டுமென்றே கொடுத்ததையும், காக்கா கேட்டபோது வாய் திறக்காததையும், அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அறுபது வருஷமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்தது, சொல்லி முடிக்க ஒரு கட்டுக் கொத்தமல்லி ஆயும் நேரம்கூட ஆகவில்லை.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"எல்லாந்தான். எனக்கென்ன, ஒரு வாரமா உங்க அண்ணன் ஓதி ஓதி வச்சிருந்தாரு, அன்னிக்கி மேலே பார்க்காதேன்னு. நீ செம்போட வந்து சாமியாராட்டம் நிக்கிறியே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"தாகம்டா தம்பி. உதட்டுல வச்சு எச்சில் பண்ணினா உங்கம்மா என்னை ஆயுசுக்கும் விடமாட்டாங்க. மேலே பார்த்தா தெரு ஒரு வருஷம் பேசும். எது லாபம்னு பார்த்தேன். கடையைப் பிடுங்கப்போறான்னு எனக்கு யார் சொன்னா?"

"அண்ணன்கிட்ட நான் பொய் சொன்னது…"

"அவரு சிரியத்துக்கு வந்து சொன்னாரு. தம்பி பார்த்துட்டான், ஆனா ஒருத்தரும் கவனிக்கலேன்னு. நான் சிரிச்சுட்டேன். அந்தத் தெருவுல ஒருத்தன் மேலே பார்த்து ஒருத்தரும் கவனிக்கலியாம்! உங்க அண்ணனும் சிரிச்சாரு. அதுக்கப்புறந்தான் அழுதாரு."

கீழே யாரோ பர்மியப் பையன் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான்.

"அப்ப அந்தக் கடைசிப் பழி இன்னும் உங்க பேர்லதான் இருக்கு அண்ணி. யாரும் மாத்தலே" என்றேன்.

அண்ணி கொத்தமல்லிக் காம்பை ஒடித்துப் போட்டார். "நான் ஏன் வச்சுக்கிட்டு இருக்கேன்? எப்பவோ மாத்திட்டேன்."

"யாருக்கு?"

"உங்கம்மாவுக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். அம்மா படுத்திருந்த வருஷங்களில் மற்ற நாளெல்லாம் கரண்டியால்தான் தண்ணீர் கொடுப்பாராம். குனியிற நாளன்று மட்டும் செம்பை எடுத்து, அம்மாவின் தலையைத் தன் மடியில் சாய்த்து, அண்ணாக்க வைத்து ஊற்றுவாராம். கட்டில் பால்கனிப் பக்கம். கூரைக்கு வெளியே வானம்.

"காத்துக்காகன்னு நினைச்சேனே, கட்டிலை நகர்த்தினது!"

"காத்தும் வந்துச்சு" என்றார் அண்ணி.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"முத வருஷம் தெரியலே. ரெண்டாவது வருஷம் ஊத்தறப்போ என்னையே பார்த்தாங்க. மூணாவது வருஷம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் குடிச்சாங்க. அப்ப தெரிஞ்சுக்கிட்டேன், அவங்களுக்கும் தேதி ஞாபகம் இருக்குன்னு. சிரிப்பா வந்துச்சு எனக்கு. அவங்களுக்கும் வந்துச்சு, புரை ஏறிடுச்சு. கடைசி வருஷம் அவங்களே கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டாங்க. நல்லாப் பார்த்தாங்க. நான் கரண்டி எடுக்கப் போனப்போ, செம்பு எங்கேன்னு கேட்டாங்க."

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றை, அவள் செத்து எத்தனையோ வருஷம் கழித்து, கொத்தமல்லிக் கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணியிடமிருந்து தெரிந்துகொண்டேன். என் வீட்டில் ஐந்து வருஷம் இரண்டு பெண்கள் தெருவே மறந்துபோன ஒரு நாளை விடாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து சரக்குச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்திருப்பேன்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அற்பமான நிம்மதிதான். "அப்ப எல்லாம் தீர்ந்துபோச்சு, யாபாதே" என்றேன். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் தமிழ்ச்சொல்லைத் தேடுவதில்லை.

"எது தீர்ந்துச்சு?" என்றார் அண்ணி. "என் பழி தீர்ந்துச்சு. உன்னோடது எங்கே தீர்ந்துச்சு? உன்னோடது தெருப் பழி இல்லே தம்பி, வருஷத்துக்கு ஒரு ஆளா மாத்திவிடறதுக்கு. மூணு தடவை கேட்டாரு காக்கா. நானும் உன்னைப் பார்த்தேன். நீ கஞ்சிக்குள்ளே என்னத்தையோ தேடிக்கிட்டு இருந்தே. அது உன்னோடது. வச்சுக்க."

கோபமாகச் சொல்லவில்லை. கொத்தமல்லியில் வாடிய இலையை ஒதுக்குகிற மாதிரி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் உள்ளே பழைய பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. கரண்டு வந்துவிட்டது. எப்போது மறுபடி போகும் என்று சொல்ல முடியாது.

"உக்காந்துக்கிட்டே இருக்கியே, மோட்டாரைப் போடு. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லே" என்றார் அண்ணி.

நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன்.